கோட்டுக்கு உள்ளே ஒரு நாற்காலி

அத்தியாயம் 17

யாசோன் காந்துனிஸ் பெற்ற மகனையே இரண்டு ஆட்டங்களுக்கு வெளியே உட்கார வைத்ததைப் போன வாரம் படித்துவிட்டு, ‘இவனெல்லாம் ஒரு அப்பனா?’ என்று கேட்டவர்கள் இருப்பீர்கள். ‘தலைவர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்’ என்று மெச்சியவர்களும் இருப்பீர்கள். கவலை வேண்டாம், எங்கள் கோர்ஃபு தீவிலும் இதே இரண்டு கட்சிதான்.

மகன் நிகிஃபோரோஸ் செய்த குற்றம் பெரிதில்லை. கிழவர் ஜானெத்தோஸ் நடுவராக நின்று அவுட் கொடுத்தபோது, மட்டையைத் தரையில் அடித்து, “உமக்குக் கண்ணு தெரியுதா?” என்று கேட்டான். தீவு விளையாட்டு மன்றத்தின் தலைவர் அப்பா. தீர்ப்பை அவரே வாசித்தார்.

அன்றிலிருந்து மகன் அவரோடு ஒரே மேசையில் சாப்பிடுவதில்லை. மாடியிலிருந்து இறங்கி வருவான், அம்மாவிடம் தட்டை வாங்கிக்கொள்வான், ஏறிப் போய்விடுவான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை தண்டனை முடிந்து அவன் மறுபடி மட்டை பிடிக்கும் நாள். அதுவும் எந்த ஆட்டத்தில்? கோட்டை கிளப்புக்கும் துறைமுகம் கிளப்புக்கும் நடக்கும் கடைசி ஆட்டத்தில். ஜெயிக்கும் அணியின் தலைவன்தான் கோடையில் ஹாலந்துக்குப் போகும் தீவு அணிக்கும் தலைவன். கோட்டை கிளப்பின் தலைவன் நிகிஃபோரோஸ். முப்பத்து மூன்று வயது ஆகிவிட்டது. முழங்கால் இப்போதே முனகுகிறது. இந்த வருஷம் விட்டால் அவனுக்கு ஹாலந்து இல்லை.

“அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க,” என்றாள் அக்லாயா. ஞாயிற்றுக்கிழமைச் சேவல் தக்காளிச் சாற்றில் வெந்துகொண்டிருந்தது. பட்டையும் கிராம்பும் மணந்தன.

“என்ன சொல்ல?” யாசோன் கண்ணாடி முன் நின்று டையை முடிந்துகொண்டிருந்தார்.

“நல்லா ஆடுன்னு சொல்லுங்க. வேற என்ன, இன்னொரு தீர்ப்பா படிக்கணும்?”

“நான் மன்றத் தலைவர், அக்லாயா. ஆட்டத்தன்னைக்குக் காலையில ஒரு கட்சிக்காரனைப் போய் வாழ்த்தினேன்னு வெளியில தெரிஞ்சா?”

“கட்சிக்காரனா? நான்தானே பெத்தேன். எனக்குத் தெரியாம எப்ப கட்சிக்காரன் ஆனான்?”

அவர் டை முடிச்சை இறுக்கினார். ஆனால் படிக்கட்டருகே கொஞ்சம் நேரம் கடத்தினார். நிகிஃபோரோஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி வந்தான். சொல்ல வந்த வார்த்தை யாசோனின் தொண்டை வரை வந்தது. வாய்க்கு வந்தபோது வேறாகிவிட்டது.

“தொப்பி எடுத்துக்கிட்டியா? வெயில் ஜாஸ்தி.”

“எடுத்துக்கிட்டேன், தலைவரே.”

‘அப்பா’ போய் ‘தலைவரே’ வந்து இரண்டு வாரமாகிறது. ஒவ்வொரு முறையும் அவருக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

யாசோனைப் பற்றி நியாயமாகவும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சுங்க இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டே கோடையில் கிரிக்கெட், குளிர்காலத்தில் கால்பந்து என்று இருபது வருஷம் ஆடியவர். காசுக்காக ஆடியதில்லை. காலணியைக்கூடக் கிளப் வாங்கித் தர விட்டதில்லை.

கிரிக்கெட்டில் அவர் சுமார்தான். கால்பந்தில் அவருடைய இடது கால் ஊருக்கே சொந்தம். எவ்வளவு வேகமாக வந்தாலும் பந்து அந்தக் காலடியில் வந்ததும் பூனைக்குட்டி மாதிரி அடங்கிவிடும். அடங்கிய அடுத்த கணம் யாருக்குப் போக வேண்டுமோ அவர் காலுக்குப் போய்ச் சேரும். முடிதிருத்தும் கடையில் இன்னும் அந்தக் காலின் படம் மாட்டியிருக்கிறது, முகம் பாதி வெட்டுப்பட்டு.

முழங்கால் போனதும் எல்லோரையும் போல அவரும் மன்றக் கூட்டங்களில் உட்காரத் தொடங்கினார். ஆனால் சும்மா உட்காரவில்லை. ஸ்பியானாதா மைதானத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த கார்களை விரட்டினார். ஒருமுறை ஐஸ்க்ரீம் வண்டியில் பந்து பட்டு அடிதடியானபோது ஒரு விதியும் கொண்டுவந்தார். எல்லைக்கோட்டுக்கு உள்ளே வண்டி, மேசை, நாற்காலி எதுவும் இருக்கக் கூடாது. மீறிப் போட்டது யாராக இருந்தாலும், அதிலோ அதில் உட்கார்ந்திருப்பவர் மேலோ பந்து பட்டால் நாலு ரன். மரமும் நாயும் தற்செயலாக நடந்து போகிறவர்களும் மட்டும் மைதானத்தின் பாகம். அவற்றில் பட்டால் ஆட்டம் தொடரும்.

நல்ல விதி. அவரே எழுதியது.

*

“இன்னும் முன்னால. இன்னும் கொஞ்சம்,” என்றார் யாசோன்.

மைதானத்தின் ஒரு ஓரத்தில், லிஸ்டன் என்ற பழைய கட்டட வரிசையின் வளைவுகளுக்கு எதிரே, காப்பிக்கடை மேசைகளைத் தாண்டி, பிரம்பு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்த பரிசாரகர் நிமிர்ந்து பார்த்தார். “இதுக்கு மேல போட்டா நீங்களும் ஃபீல்டிங் பண்ணணும், சியோர் யாசோன்.”

“விருந்தாளி ஹாலந்துலேருந்து வந்திருக்கார். மேசைக்கு மேசை சிகரெட் புகைக்கு நடுவுல அவரை உக்கார வைக்கச் சொல்றீங்களா?”

ஹாலந்துக்காரரின் பெயர் தேகெமா. நெட்டையான, சாதுவான மனிதர். வெல்லும் அணியைக் கண்ணால் பார்த்து, அதன் தலைவனிடம் தீவு அணிக்கான அழைப்பைக் கொடுப்பதற்காக வந்திருந்தார். இஞ்சி சோடா பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே உட்காரச் சொன்னாலும் உட்காரத் தயாராக நின்றார்.

உண்மையைச் சொன்னால் புகை ஒரு சாக்கு. மேசைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தால் தலைவரும் விருந்தாளியும் கூட்டத்தில் கரைந்துபோவார்கள். முன்னால் உட்கார்ந்தால் ஊர் முழுக்கப் பார்க்கும். யாசோனுக்கு அந்த ஆசை எப்போதும் உண்டு. பெரிய மனிதர்களுக்கு வரும் சின்ன ஆசை.

அக்லாயா உட்காரும் முன் குனிந்து பார்த்தாள்.

“கோடு நம்ம நாற்காலிக்குப் பின்னாடி இருக்கு.”

“இருக்கட்டும்.”

“உள்ள இருக்கோம்னு சொல்றேன்.”

“இந்தப் பக்கம் எவன் அடிக்கிறான்? வந்தா எழுந்துப்போம். உக்காரு, எல்லாரும் பாக்கறாங்க.”

அவள் உட்கார்ந்தாள். வெயில் படாமல் இருக்கக் கால்களைப் பின்னுக்கு இழுத்து நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

காலையில் பளிச்சென்று இருந்த சுண்ணாம்புக்கோடு மத்தியானத்துக்குள் அந்தப் பக்கம் முழுக்கத் தேய்ந்துவிட்டது. எப்போதும் தேய்வதுதான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், தள்ளுவண்டிக் குழந்தைகள், தட்டோடு ஓடும் பரிசாரகர்கள், எத்தனை கால். அதனால்தான் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. லிஸ்டன் பக்கம் பந்து போய்ச் சந்தேகம் வந்தால், நடுவர் மைதானம் முழுக்க நடந்து வந்து, பந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் தொப்பியை எடுத்துவிட்டுக் கேட்பார். மேசையைக் கேட்பது என்று அதற்குப் பெயர். காப்பி குடிப்பவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சொன்னால் சொன்னதுதான். மேசை பொய் சொன்னது என்று எங்கள் அப்பா காலத்திலும் யாரும் சொன்னதில்லை.

துறைமுகம் கிளப் முதலில் ஆடி நல்ல ரன் வைத்தது. கோட்டை கிளப் துரத்தியது. கட்டைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. நிகிஃபோரோஸ் மட்டும் ஒரு முனையில் நின்றான். தேகெமா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்து பார்க்கத் தொடங்கினார்.

“அந்தப் பையன் யார்?” என்று கேட்டார்.

“கோட்டை கிளப்பின் தலைவர்,” என்றார் யாசோன்.

அக்லாயா திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு விருந்தாளியிடம் குனிந்து, “எங்க மகன்,” என்றாள்.

கடைசி ஜோடி. வெற்றிக்கு நாலு ரன் வேண்டும். துறைமுகத்தின் தலைவன் லாம்ப்ரோஸ், ஆட்களை எல்லாம் எதிர்ப்புறம், பழைய கோட்டை இருக்கும் பக்கம் நிறுத்தியிருந்தான். லிஸ்டன் பக்கம் ஒரே ஒருவன். நிகிஃபோரோஸ் நிமிர்ந்து மைதானத்தைச் சுற்றிப் பார்த்தான். லிஸ்டன் பக்கம் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான். அடுத்த பந்தை மண்டியிட்டு இந்தப் பக்கம் திருப்பி அடித்தான்.

பந்து தரையோடு வந்தது. வேகம் இல்லை, ஆனால் நிற்கிற பந்தும் இல்லை. ஃபீல்டர் பக்கவாட்டில் ஓடி வந்தான், எட்டாது என்று எல்லோருக்கும் தெரிந்தது. கோட்டை கிளப்காரர்கள் எழுந்து கத்த ஆரம்பித்துவிட்டார்கள். நிகிஃபோரோஸ் மட்டையை உயர்த்திக்கொண்டு ஆடுகளத்தின் நடுவில் நடந்துகொண்டிருந்தான்.

பந்து நேராக யாசோனிடம் வந்தது.

அவர் யோசிக்கவில்லை. யோசிப்பதற்கு மூளையைக் கேட்டிருக்க வேண்டும். கால் கேட்கவில்லை. தெருவில் குழந்தைகளின் பந்து உருண்டு வந்தால் எப்படித் தானாக நீளுமோ அப்படி நீண்டது. பளபளக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலணிக்கு அடியில் பந்து அடங்கியது. அடங்கிய அடுத்த கணம் ஓடி வந்துகொண்டிருந்த ஃபீல்டரின் கைக்கு அளந்து வைத்த மாதிரி போய்ச் சேர்ந்தது.

ஃபீல்டரும் யோசிக்கவில்லை. வந்த வேகத்தில் எறிந்தான். விக்கெட் காப்பாளன் கட்டையைத் தட்டிவிட்டான். நிகிஃபோரோஸ் நடு வழியில் நின்றான், மட்டை இன்னும் மேலேயே இருந்தது.

எங்கிருந்தோ சிரிப்பு கிளம்பியது.

“தலைவரோட இடது கால் இன்னும் ரிட்டையர் ஆகலைப்பா.”

“அப்பன் பாஸ் குடுத்து மகன் அவுட். இதை எந்த ஆட்டத்துல சேக்கறது?”

யாசோனுக்குக் காதுமடல் வரை சூடேறியது. காலைப் பார்த்தார். யாரோ ஒருவருடைய கால் மாதிரி இருந்தது.

ஜானெத்தோஸ் வந்துகொண்டிருந்தார். வெள்ளை அங்கி முழங்காலில் இடிக்க, மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்தார். யாசோனும் அவரும் ஒரே அணியில் ஆடியவர்கள். ஒருவர் கல்யாணத்தில் ஒருவர் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர்கள். நடுவராக வரும்போது அதெல்லாம் இல்லை. எதிரே வந்து தொப்பியை எடுத்தார்.

“மேசையைக் கேக்கறேன். பந்து கோட்டைத் தாண்டுச்சா?”

சொல்ல வேண்டியது என்னவென்று யாசோனுக்குத் தெளிவாகவே தெரியும். ‘தாண்டவில்லை. ஆனால் என் நாற்காலி கோட்டுக்கு உள்ளே இருக்கிறது. நான் போட்டேன். என் விதிப்படி இது நாலு.’ அவ்வளவுதான். மூச்சு விடாமல் சொல்லி முடிக்கலாம்.

ஆனால் பக்கத்தில் ஹாலந்துக்காரர் உட்கார்ந்திருந்தார். தலைவர் எழுதிய விதியைத் தலைவரே மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவர் முன்னால் சொல்ல வேண்டும். சொன்னால் மகன் ஜெயிப்பான். அப்பன் வாயால் மகன் ஜெயித்தான் என்று ஊர் நாளை மீன்கடையில் பேசும். சிரித்த சிரிப்பு இன்னும் காதிலேயே இருந்தது.

“தாண்டலை,” என்றார்.

ஜானெத்தோஸ் தலையசைத்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்பி, விரலைத் தூக்கினார்.

அது பொய் இல்லை. அதுதான் யாசோனை அதிகம் குத்தியது. பொய்யாக இருந்தால் பொய் சொன்னேன் என்றாவது தன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

நிகிஃபோரோஸ் கையுறைகளைக் கழற்றினான். எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள், இன்றைக்கும் மட்டையை அடிப்பானா என்று. அவன் அடிக்கவில்லை. ஜானெத்தோஸின் கையைக் குலுக்கினான், லாம்ப்ரோஸின் கையைக் குலுக்கினான். நாற்காலி வரிசைப் பக்கம் திரும்பாமல் நடந்து போனான்.

*

வீட்டுக்கு வந்ததும் அக்லாயா நேராக உள்ளே போனாள். சமையலறை வாசலில் காலணிகளைக் கழற்றி, குதிகால் வெளியே தெரிகிற மாதிரி தரையில் வைத்தாள்.

“பாருங்க.”

“என்னத்தை?”

“சுண்ணாம்பு. குதிகால்ல இருக்கு. முன்னாடி ஒரு பொட்டு இல்ல.”

யாசோன் டையைத் தளர்த்தினார். முடிச்சு வரவில்லை. “ஜானெத்தோஸ் என்ன கேட்டாரோ அதுக்குப் பதில் சொன்னேன்.”

“அவர் கோட்டைக் கேட்டார். நீங்க நாற்காலியை ஒளிச்சீங்க.”

“மகனுக்காகப் பேசறேன்னு சொல்லுவாங்க.”

“சொல்லட்டுமே. இப்ப யாருக்காகப் பேசினீங்க? துறைமுகத்துக்கா? இல்லையே. உங்களுக்காகப் பேசினீங்க.” அவள் குரல் உயரவில்லை. “எனக்கு இன்னிக்கு உங்க பக்கத்துல உக்காந்திருக்கவே வெக்கமா இருந்துது. இத்தனை வருஷத்துல இது முதல் தடவை.”

கதவு திறந்தது. நிகிஃபோரோஸ் பையை மூலையில் போட்டான். மாடிக்குப் போவான் என்று இருவரும் நினைத்தார்கள். அவன் நாற்காலியை இழுத்து மேசையில், அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தான். அம்மா சேவல் குழம்பும் மக்கரோனியும் வைத்தாள். அவன் சாப்பிடத் தொடங்கினான். இரண்டு வாரத்துக்குப் பிறகு மகன் மேசைக்கு வந்திருக்கிறான், யாசோனுக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

“ஏன்டா நடந்தே?” என்றார் கடைசியில். “ஓடியிருந்தா உள்ள போயிருக்கலாமே.”

“நாலுன்னு நெனச்சேன்.”

“கோட்டைத் தாண்டறதுக்கு முன்னாடியேவா?”

நிகிஃபோரோஸ் ரொட்டியைக் கிழித்துக் குழம்பில் தோய்த்தான். “உங்க நாற்காலி உள்ள இருக்கறது எனக்கு மட்டை பிடிக்கப் போகும்போதே தெரியும். பக்கத்துல நடந்துதானே போனேன். அதான் அந்தப் பக்கம் அடிச்சேன். கோடு வரைக்கும்கூடப் போக வேண்டாம், நாற்காலில பட்டா நாலு. உங்க விதிதானே?”

யாசோன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பந்து நாற்காலிகிட்ட வந்ததும் முடிஞ்சுதுன்னு நடந்தேன். கால் நீட்டுவீங்கன்னு எதிர்பாக்கல. நீட்டினதுகூடப் பரவாயில்ல, கால் பழக்கம். ஆனா ஜானெத்தோஸ் உங்ககிட்ட வர்றதைப் பாத்தப்போ எனக்கு நிம்மதியா இருந்துச்சு. சொல்லிடுவாருன்னு நெனச்சேன். நம்பித்தான் நின்னேன்.”

“நீ அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே. தலைவனுக்குக் கேக்க உரிமை உண்டு.”

“சொல்லியிருந்தா இன்னும் எத்தனை ஆட்டம் வெளியில உக்கார வச்சிருப்பீங்க, தலைவரே?”

தட்டைக் காலி செய்துவிட்டு, அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டு, மாடி ஏறினான்.

*

சாயங்காலம் கிளப் கூடத்தில் கோப்பை கொடுக்கும் விழா. தோற்றவர்கள் வென்றவர்களுக்கு ஒயின் ஊற்றுவது எங்கள் வழக்கம். நிகிஃபோரோஸே குவளையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு துறைமுகத்துக்காரனுக்கும் ஊற்றினான். சிரித்துக்கொண்டே ஊற்றினான். அதைப் பார்க்க யாசோனால் முடியவில்லை.

கோப்பையை லாம்ப்ரோஸ் கையில் யாசோன்தான் கொடுத்தார். லாம்ப்ரோஸ் கரடுமுரடான ஆள், துறைமுகத்தில் மீன்பிடி வலை விற்பவன். மேடைப் பேச்சு அவனுக்கு வராது.

“எனக்குப் பேசத் தெரியாது,” என்றான். “ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். மேசையைக் கேட்டப்போ நான் போச்சுடான்னு நெனச்சேன். பெத்த புள்ள ஆடறான், தாண்டுச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். யார் கேக்கப் போறா? சியோர் யாசோன் தாண்டலைன்னு சொன்னார். இந்த மாதிரி ஆளு இருக்கறதாலதான் இந்த ஊர்ல நாம இன்னும் ஆடறோம்.”

கூடம் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. கோட்டை கிளப்காரர்களும் தட்டினார்கள். தேகெமா எழுந்து வந்து இரண்டு கையாலும் யாசோனின் கையைப் பிடித்துக்கொண்டார். சுவர் ஓரம் நின்ற ஜானெத்தோஸ், வெள்ளை அங்கியை இன்னும் கழற்றாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

யாசோன் கூட்டத்தில் மகனைத் தேடினார். நிகிஃபோரோஸ் குவளையைக் கீழே வைத்துவிட்டு, அவனும் தட்டிக்கொண்டிருந்தான். நிதானமாக, அவர் முகத்தையே பார்த்தபடி தட்டினான். எல்லோரும் நிறுத்திய பிறகும் அவன் கொஞ்ச நேரம் தட்டினான்.

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அக்லாயா மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதே காலணிதான் போட்டிருந்தாள். துடைக்கவில்லை.

“ஒரு நிமிஷம்,” என்றார் யாசோன்.

நன்றி சொல்லப்போகிறார் என்று எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

“தாண்டலைன்னு நான் சொன்னது நிஜம்.” குரல் அவருக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமினார். “ஆனா நான் உக்காந்திருந்த நாற்காலி கோட்டுக்கு உள்ள இருந்துது. போடச் சொன்னது நான். உள்ள இருக்குன்னு எனக்குத் தெரியும், என் மனைவி சொன்னா. விதிப்படி அது நாலு ரன். விதியும் நான் எழுதினதுதான். ஜானெத்தோஸ் கேட்டப்போ அதைச் சொல்லியிருக்கணும். சொல்லலை. நீங்க எல்லாரும் சிரிச்சீங்க, எனக்கு வெக்கமாப் போச்சு. அதுக்குப் பயந்து சொல்லலை. வேற காரணம் இல்ல.”

தேகெமா பக்கத்து ஆளிடம் என்ன என்று மெதுவாகக் கேட்டார். அவர் சொல்லச் சொல்ல, தேகெமாவின் பார்வை தரைக்குப் போனது.

லாம்ப்ரோஸ் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தான். பிறகு அதை மேசை மேல் வைத்தான். “எனக்கு இது வேண்டாம்.”

“அட, எடுத்துக்கப்பா,” என்றான் கோட்டை கிளப்காரன் ஒருவன். “மேசை சொன்னா சொன்னதுதான். மாத்தறது வழக்கமில்ல.”

“வழக்கம் இல்லதான்,” என்றார் ஜானெத்தோஸ்.

அவர் சுவரை விட்டு முன்னால் வந்தார். எல்லோரும் வழி விட்டார்கள். யாசோன் முன் வந்து நின்றார். கோபப்படுவார் என்று யாசோன் காத்திருந்தார், அது வந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. கோபம் வரவில்லை.

“உன் பையன் அன்னிக்கு எனக்குக் கண்ணு தெரியுதான்னு கேட்டான். தெரியலைதான், யாசோன். ரெண்டு வருஷமாவே சரியாத் தெரியலை. அதனால என்னன்னு இருந்தேன். கோடு தெரியலைன்னா மேசையைக் கேப்பேன். மேசை சொன்னா அதுதான் கோடு.” அங்கியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். “இனிமே நான் யாரைக் கேக்கறது?”

அங்கியை மடித்து, கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவருக்குப் பின்னால் கதவைச் சாத்த யாருக்கும் தோன்றவில்லை.

யாசோனும் வெளியே வந்துவிட்டார், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்.

தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு அவர் வந்து சேர்ந்தபோது ஸ்பியானாதாவில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. காப்பிக்கடை மேசைகளை உள்ளே எடுத்துவிட்டார்கள். அவர் போடச் சொன்ன நாற்காலி வரிசை மட்டும் வெளியே நின்றது, அதைத் தொட யாருக்கும் துணிவில்லை போலும். இப்போது கூட்டம் இல்லாததால், நாற்காலிகளின் மறைவில் மிதிபடாமல் தப்பிய சுண்ணாம்பு அவற்றுக்குப் பின்னால் நன்றாகவே தெரிந்தது. இத்தனை தெளிவாகத் தெரிகிற ஒன்றை எப்படி மறைத்தோம் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஒரு நாற்காலியைத் தூக்கிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கினார். முழங்கால் நோவெடுத்தது.

காலடிச் சத்தம் கேட்டது. நிகிஃபோரோஸ்.

“கோப்பை மேசை மேலேயே கெடக்கு,” என்றான். “லாம்ப்ரோஸ் எடுக்க மாட்டேங்கறான். நம்ம ஆளுங்களும் தொட மாட்டேங்கறாங்க. ஹாலந்துக்காரர் ஒண்ணும் சொல்லாம ஓட்டலுக்குப் போயிட்டார்.”

“உன் ஹாலந்து...” என்று ஆரம்பித்தார் யாசோன்.

“அதை விடுங்க.”

அப்போதுதான் மகனுடைய முழங்கையில் தொங்கியதை அவர் பார்த்தார். ஜானெத்தோஸின் வெள்ளை அங்கி. மடிப்புக் கலையாமல் கொண்டுவந்திருந்தான்.

“அவர் வீட்டு வாசல் வரைக்கும் போனேன்,” என்றான் நிகிஃபோரோஸ். “கதவைத் தட்ட முடியல. நானும் அவரைப் பேசினவன்தானே. இதை யார் கொண்டுபோய்க் குடுக்கறது, அப்பா?”

யாசோன் நாற்காலியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். நிகிஃபோரோஸ் உடனே கொடுத்துவிடவில்லை.